என் படம் மட்டும் விழவில்லை

மாசக் கடைசி நாளில் மெடிக்கல் அக்காவிடம் எங்கள் தெருவில் யாரும் வாயைக் கொடுக்க மாட்டோம். அன்றைக்குக் காலையிலிருந்தே அவர் கையில் சிவப்புப் பேனா இருக்கும். கடையில் இருக்கிற மருந்தையெல்லாம் தட்டு தட்டாக இறக்கி வைத்து, அந்த மாதத்தோடு தேதி முடிகிற ஒவ்வொரு அட்டையின் மேலும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மூலையில் இருக்கும் பெட்டியில் போடுவார். கோடு விழுந்தது விழுந்ததுதான். அதற்குப் பிறகு கலெக்டரே வந்து கேட்டாலும் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரை வெளியே வராது.

ஒரு தடவை தளவானூரிலிருந்து ஒரு பெரியவர் காதுக்கு விடுகிற சொட்டு மருந்து கேட்டு வந்தார். கடையில் இருந்த ஒரே பாட்டில் முதல் நாள்தான் கோடு வாங்கியிருந்தது. பெரியவர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டார்.

“அதோ இருக்குதேம்மா.”

“அது தேதி முடிஞ்சிடுச்சு பெரியவரே.”

“நேத்து வரைக்கும் மருந்து, இன்னைக்கு வெசமா?”

“ஆமா. இன்னைக்கு வெசம்தான்.”

பெரியவர் பஸ்ஸுக்கு நேரமாகுது என்று புலம்பினார். அக்கா அவரைக் கடை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை வரைக்கும் நடந்துபோய், தேதி பார்த்து ஒரு பாட்டில் வாங்கிவந்து கொடுத்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. நன்றி சொன்ன பெரியவரிடமும் சிடுசிடுவென்றுதான் இருந்தார்.

இப்படிப்பட்ட மனுஷி, தேதி முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிலிமைக் கேமராவில் போட்டு ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் படம் எடுத்தார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நான் ரெண்டு கடை தள்ளி டெய்லர் கடை வைத்திருந்தேன். தினம் பார்த்த எனக்கே அது விளங்கவில்லை. வாய் சும்மா இருக்காமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“மருந்துக்குப் போடற தேதி சட்டம். பிலிமுக்குப் போடற தேதி ஜோசியம்” என்றார் அக்கா. “சட்டத்தை மீறக் கூடாது. ஜோசியத்தை நம்பக் கூடாது.”

அந்தப் பிலிம் அவருக்கு வந்த கதையும் வேடிக்கைதான். எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்த பிறகு, கடைத்தெருவில் இருந்த ஒரு ஸ்டூடியோவை மூடினார்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போன அக்கா, பழைய பேப்பர்காரர் சாக்கில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே பிரிக்காத பிலிம் ரோல்கள். அப்போதே தேதி முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. “குப்பைக்குத்தாம்மா போவுது, வேணும்னா எடுத்துக்கோங்க” என்றார் ஸ்டூடியோக்காரர். கூடவே ஒரு பழைய கேமராவையும் கொடுத்தார். அக்கா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்து வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடைப் பிரிட்ஜில் வைத்தாரா என்றால் இல்லை. அதில் மருந்தைத் தவிர ஒரு தண்ணீர் பாட்டில்கூட நுழைய முடியாது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுப் பிரிட்ஜில்தான் வைத்தார். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாக்களில் ரோல்களை அடுக்கி, மாத்திரை டப்பாவுக்குள் வருமே, ஈரம் இழுக்கிற சின்னப் பொட்டலம், அதை வெயிலில் காயவைத்து ஒவ்வொரு டப்பாவுக்கும் நாலைந்து போட்டு மூடுவார். ஆறு டப்பா. மீதி இடத்தில் தோசை மாவு. பள்ளிக்கூட வாத்தியாரான அவர் வீட்டுக்காரர் ஜில் தண்ணீர் குடிக்க என் கடை மண்பானைக்கு வருவார். “என் வீட்டு பிரிட்ஜுல எனக்கு மட்டும்தான் எடமில்ல” என்பார். கரெண்ட் போனால் அந்த வீட்டில் பிரிட்ஜ் கதவை யாரும் தொடக் கூடாது. செஞ்சி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் மலை குடித்த சூட்டைச் சாயங்காலம் நம் மேல்தான் கொட்டும்.

அந்தப் பிலிமில் அவர் மலையை எடுக்கவில்லை, கோட்டையை எடுக்கவில்லை. அதற்கு டூரிஸ்ட்டுகள் இருக்கிறார்கள் என்பார். அவர் எடுத்தது ஒன்றே ஒன்றுதான். அவர் கடையில் மருந்து வாங்குகிறவர் யாராக இருந்தாலும், டாக்டர் எழுதிய மருந்தை ஒரு வேளை விடாமல் முழுசாகச் சாப்பிட்டு முடித்தால், கடைசி மாத்திரை அன்றைக்குக் கடை வாசலில் நிற்க வைத்து ஒரு படம். ஆளுக்கு ஒரு கிளிக். ரெண்டாவது கிடையாது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டால் மீதி மாத்திரை பரணுக்குப் போய்விடும். அக்கா எத்தனையோ கத்திப் பார்த்தார். கத்தினதுக்கு மசியாதவர்கள் படத்துக்கு மசிந்தார்கள். நாய் கடித்து ஊசி போட்டவர், மஞ்சள் காமாலையில் எழுந்தவர், கால் புண் ஆறினவர் எல்லாரும் கடைக்குள் ஒரு பலகையில் படமாக ஒட்டப்பட்டிருந்தார்கள். இன்னொரு காப்பி அவரவர் கைக்குப் போகும். நிறம் எல்லாம் கோணல். வெள்ளைச் சட்டை ரோஜா நிறத்தில் இருக்கும், பின்னால் தெரிகிற ராஜகிரி மலை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். அதோடு எல்லாருமே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குணமானதற்கு அழுகிறவர்கள் மாதிரி நிற்பார்கள். அதற்கும் அக்காவிடம் காரணம் இருந்தது.

“வயசான பிலிமு. வெளிச்சம் கூடக் குடுத்தாத்தான் வாங்கும். பத்து வருஷத்துக்கு ஒரு மடங்கு. வெயில்ல வந்து நில்லு.”

போனில் எடுத்தால் உடனே கைக்கு வந்துவிடுமே, முப்பத்தாறு படமும் முடிந்து, ரோல் மெட்ராஸ் போய்க் கழுவி வர மூணு மாசம் ஆகுதே என்று கேட்டால், “போன்ல எடுத்தா அன்னிக்கோட வேலை முடிஞ்சிடும்” என்பார். கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பலகையின் கீழ் மூலையில் தோளில் துண்டு போட்ட ஒரு ஆளின் படம் இருந்தது. சட்டைப்பையில் சீப்பு. அவர் யார் என்று ரெண்டு மூன்று தடவை கேட்டேன். அக்கா கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

பிறகு எனக்கே வந்தது. ரெண்டு மாசமாக விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். போட்டிருந்த ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தது. ஊருக்கே அளவெடுக்கிற நான் என்னைக் கவனிக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து டி.பி. என்றார்கள். ஆறு மாசம் மாத்திரை. தினமும் பொறுப்பான ஒருவர் கண்ணெதிரில் முழுங்க வேண்டும், அப்படி யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டார். விஷயம் தெரிந்தால் என் கடைக்கு ஒரு துணி வராது. எனக்கு அக்கா பெயர்தான் வாயில் வந்தது.

அக்கா ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. கடைக்குள் மருந்துத் தட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டார். காலையில் நான் போய் உட்காருவேன். “முழுங்கு. நாக்கைக் காட்டு. ம், போ.” இவ்வளவுதான் பேச்சு. ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போகிறது என்று பயந்து ஓடினபோது, “மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம், போய்த் தையி” என்றார்.

மூணாவது மாசம் இருமல் நின்றது. பசி எடுத்தது. மாத்திரையைப் பார்த்தால் மட்டும் குமட்டியது. போதும் என்று நானே முடிவு பண்ணி ஒரு நாள் போகாமல் இருந்தேன். பதினோரு மணிக்கு என் கடையில் நாலைந்து பெண்கள் நிற்கும்போது அக்கா ஒரு ஜாக்கெட் துணியோடு வந்து நின்றார்.

“டெய்லரு, அளவு எடு.”

டேப்பைப் பிடித்து முதுகுப் பக்கம் போனேன். என் கையில் மாத்திரையை வைத்து அழுத்தினார். “தண்ணி குடிக்கிற மாதிரி குடி. இல்ல, இங்கேயே நோய் பேரைச் சொல்லிக் கத்துவேன்” என்று காதில் சொன்னார். குடித்தேன். மறுநாளும் போகவில்லை. மறுநாளும் துணியோடு வந்தார். நாலு நாளில் நாலு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த பிறகு எனக்கே வெட்கமாகி, ஸ்டூலுக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

எனக்கு நோயைவிடப் பெரிய பயம் என் பொண்ணு பாப்பாதான். அப்போது அவளுக்கு அஞ்சு வயசு. நோய் தெரிந்த அன்றைக்கே அவளை அவள் அப்பா பக்கத்தில் படுக்கப் போட்டுவிட்டு நான் சமையல்கட்டுப் பக்கம் பாயை விரித்தேன். தனித் தட்டு, தனி டம்ளர். அவள் ஓடி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ரெண்டு மாசம் ஆனதும் இனி பரவாது, பிள்ளையைத் தூக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. முழுசாகக் குணமாகி அக்கா எடுக்கிற படம் என் கைக்கு வந்தால்தான் அவளைப் பக்கத்தில் படுக்க வைப்பேன் என்று எனக்குள்ளேயே ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பலகையில் படம் வந்த யாருக்கும் நோய் திரும்பினதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் அப்படி.

கடைசி மாத்திரை அன்றைக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு புது ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டேன். உடம்பு இன்னும் தேறவில்லை. பின்னால் பிரித்து விடலாம் என்று உள்ளே நிறையத் துணி விட்டுத் தைத்திருந்தேன். வெயிலில் கண் கூச நின்றேன். அக்கா ஒரு கிளிக் அடித்தார்.

மூணு மாசம் கழித்து மெட்ராஸிலிருந்து கவர் வந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அக்கா என்னைப் பார்க்காமல் கல்லாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“உன்னுது விழலம்மா. பிலிமு பழசு.”

“மத்தவங்களுது?”

“விழுந்திச்சு. உன்னுது ரோலு ஓரத்துல இருந்திச்சு. ஓரம்தான் மொதல்ல கெடும். மருந்து முடிஞ்சு ஆறு மாசம் ஆவறப்போ வா, திரும்ப எடுக்கலாம்.”

எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்குப் போனால் பாப்பா ஓடி வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருஷம் வரைக்கும் வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பக்கமே போவதாக இல்லை. சோதித்தால்தானே இருக்கிறதா இல்லையா என்று தெரியும்? தெரியாமல் இருந்தால் இல்லை என்றே இருந்துவிடலாமே என்று ஒரு கணக்கு.

படத்துக்காக ஆறாவது மாசம் அக்காவிடம் போனேன். பிரிட்ஜிலிருந்து அப்போதுதான் ஒரு ரோலை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இப்போ பிரிக்க முடியாது. ஜில்லுனு இருக்கறப்போ தொறந்தா பிலிமு வேர்த்துடும், படம் போயிடும். ரெண்டு மணி நேரம் வெளிய கெடக்கட்டும். சும்மா நிக்காத, அதுக்குள்ள ஆஸ்பத்திரியில போயி சளி குடுத்துட்டு வந்துடு.”

படம் போய்விடும் என்றதும் என் கால் தானாக நடந்தது. சளி கொடுத்துவிட்டு வந்தேன். பிரித்துவிட்ட அதே மஞ்சள் ஜாக்கெட்டில் வெயிலில் நிறுத்தி ஒரு கிளிக். கடை எடை மிஷினில் ஏறச் சொல்லி, பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார். ரெண்டு நாளில் சளியில் ஒன்றும் இல்லை என்று சீட்டு வந்தது. மூணு மாசத்தில் கவரும் வந்தது.

“விழலம்மா.”

ஒரு வருஷம் முடிந்தபோது மறுபடி அதே ஜில் பிலிம், அதே ரெண்டு மணி நேரம், அதே ஆஸ்பத்திரி. மறுபடியும் விழவில்லை. ஒன்றரை வருஷத்திலும் அப்படியே. பலகையில் புதுசு புதுசாக முகங்கள் ஏறின. என் முகம் மட்டும் இல்லை. பாதி நாள் தூக்கம் போயிற்று. நோய் உள்ளே பதுங்கியிருக்கிறதோ, அது பிலிமுக்குத் தெரிகிறதோ என்றெல்லாம் புத்தி ஓடியது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அந்தப் பயம் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. பயத்தை மறைக்க வாயால் ஆடினேன். செத்துப்போன பிலிமை வைத்துக்கொண்டு ஸ்டூடியோ நடத்துகிறார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்காவைக் கிண்டல் பண்ணினேன். அவர் காதுக்கும் போயிருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரெண்டு வருஷம் முடிந்த நாள், மஞ்சள் ஜாக்கெட்டை இன்னொரு தடவை பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனேன். மேஜையில் பிலிம் இல்லை.

“இன்னைக்குப் படம் வேணாம்” என்றார் அக்கா. “மொதல்ல ஆஸ்பத்திரி. ரிசல்ட்டு வாங்கினதும் வா. வரும்போது பாப்பாவையும் இட்டுனு வா.”

அந்த ரெண்டு நாள் நான் தைத்தது எல்லாமே கோணல். அக்கா முதல் தடவையாகப் படம் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். மூணாம் நாள் காலையில் சீட்டை வாங்கி, படிக்கத் தைரியமில்லாமல் நர்ஸிடமே நீட்டினேன். “ஒன்னும் இல்லம்மா. ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, இனிமே தைரியமா இரு” என்றார்.

பாப்பாவை விரல் பிடித்துக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, தேதி முதற்கொண்டு படித்தார். பிறகு கல்லாவுக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து, நாலு படங்களை மேஜையில் வரிசையாக வைத்தார்.

நாலிலும் நான்தான். கடைசி மாத்திரை அன்றைக்கு, ஆறாம் மாசம், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். மஞ்சள் ஜாக்கெட் எல்லாவற்றிலும் செங்கல் நிறமாகியிருந்தது. முதல் படத்தில் அது கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தோளில் தொங்கியது. ரெண்டாவதில் தோள் நிரம்பியிருந்தது. மூணாவதில் கை இறுகியிருந்தது. நாலாவதில் நான் பக்கவாட்டில் பிரித்துவிட்ட தையல் தடம்கூடத் தெரிந்தது. அளவெடுக்கிற கண்ணுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் சிவப்புப் பேனாவில் தேதியும் என் எடையும்.

“எல்லாம் விழுந்திச்சா?”

“எல்லாம் விழுந்திச்சு. பிலிமு நல்ல பிலிமுதான். நான்தான் பொய் சொன்னேன்.” அக்கா பலகையின் கீழ் மூலையைக் காட்டினார். துண்டு போட்ட ஆள். “அவருக்கும் உன்னுதுதான். ஆறு மாசம் ஒழுங்கா சாப்ட்டாரு. படத்தை வாங்கினு போனாரு. அதுக்கப்புறம் காட்ட வரவே இல்ல. மறுபடி வந்தது அவருக்கே தெரியல. தெரிஞ்சப்போ நேரம் கடந்துபோச்சு. உன்னை எனக்குத் தெரியாதா? படம் கைக்குப் போயிட்டா நீ ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாப்பா பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். “இந்தப் படம் வராமத்தான் ரெண்டு வருஷமா என் பொண்ணை நான் கிட்ட சேக்கல. படம் வந்தாத்தான் பக்கத்துல படுக்க வெப்பேன்னு இருந்தேன். உங்களுக்குத் தெரியுமா அது?”

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. நான் எத்தனையோ மாசக் கடைசிகளில் அவரைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் அப்படி விழுந்து பார்த்ததில்லை. நான் மாத்திரை முழுங்கின அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

“இத்தை ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க சொன்னீங்களா?”

மருந்து வாங்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “தப்புதான்மா” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நோய் இல்லை. ரெண்டு வருஷமாக இல்லை. நாலு தடவை இல்லை என்று நாலு படம் எதிரில் கிடக்கிறது. நெஞ்சில் இருந்த கல் இறங்கி, நான் ஓவென்று அழுதேன்.

அக்கா எழுந்து கேமராவை எடுத்தார். அன்றைக்குப் பிலிமை முதல் நாளே வெளியே எடுத்துவைத்து, தயாராகக் கேமராவுக்குள் போட்டிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதும் அப்படித்தான் செய்வாராம், எனக்கு மட்டும்தான் அந்த ரெண்டு மணி நேரம்.

வாசலில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார். “பாப்பா, அம்மா மடியில உக்காரு. டெய்லரு, இன்னும் ஏன் கழுத்தைத் திருப்பறே? கன்னத்தோட கன்னம் வையி.” எனக்குத் திருப்பித் திருப்பிப் பழகிவிட்டது. பாப்பாதான் என் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள். வெயில் கண்ணைக் குத்தியது. அக்கா ஒரு கிளிக் அடித்தார்.

அன்றைக்கு மத்தியானம் கடையைத் திறக்கவில்லை. சமையல்கட்டுப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பாப்பாவை என் கைமேல் போட்டுக்கொண்டு படுத்தேன். ஏழரை வயசுப் பிள்ளை கை மரத்துப்போகிற கனம் கனத்தாள். நான் கையை எடுக்கவில்லை.

மூணு மாசம் கழித்துக் கவர் வந்தது. அக்கா தானே என் கடைக்கு வந்து, மிஷின் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார்.

“டெய்லரு, கோச்சிக்காத. இந்தத் தடவை நெசமாவே விழலம்மா. ரோலே மொத்தமா போயிடுச்சு.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சரிக்கா. ஆறு மாசம் கழிச்சு வரேன்” என்றேன். அக்கா தன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார்.

அக்கா குடும்பத்தோடு பாண்டிச்சேரிக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. பாப்பா என்னைவிட உயரமாகிவிட்டாள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் பாண்டிச்சேரிக்கு போன் போட்டு, எங்கள் படம் விழுந்ததா என்று கேட்கிறேன். விழலம்மா, சத்தியமா விழல என்று அக்கா சொல்கிறார். நான் இன்னும் நம்பவில்லை.